மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார்

ஜூன் 8, சனி

ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு கிட்டாரை எடுத்து வந்துவிட்டேன். பறித்துக்கொண்டு வந்தாய் என்கிறார் என் வீட்டுக்காரர் பாஸ்டின். வேனை ஓட்டியது அவர்தான். அதனால் அவருக்குப் பேச உரிமை இல்லை.

கிட்டார் என்றால் இடுப்பு வளைந்து வயிற்றில் ஓட்டை உள்ள கிட்டார் இல்லை. கைக்குழந்தையை விட நீளமான, கனத்த ஒரு மரக்கட்டை. மேலே முத்துச்சிப்பி போல மினுங்கும் தகடு, ஆறு கம்பி, கம்பிகளுக்கு மேல் வளைந்து நிற்கும் குரோமியப் பட்டை. இதை மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு எஃகு உருளையைப் பிடித்துக் கம்பியின் மேல் வழுக்கவிட்டு வாசிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் சொருகினால்தான் சத்தம் வரும். ஹவாய் கிட்டார் என்பார்கள். அமெரிக்காவில் செய்தது, என்னை விட வயதில் மூத்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சிரில் கோமஸுக்கு யாரோ ஒரு கப்பல்காரன் கொடுத்தானாம்.

சிரில் கோமஸ் என் அப்பா. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு, இந்தக் கட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு போய், வீரபாண்டியன்பட்டணத்தில் பிரகாசி என்பவளோடு குடும்பம் நடத்தியவர். போன வாரம் செத்துப்போனார். அவர்களுக்கு ஒரு மகள், நோயெலின். முப்பத்திநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு இதை வாசிக்கத் தெரியும். கோயில் பாடகர் குழுவிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கிறாள். பிழைப்பே அதுதான்.

அவர்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சத்தமாகவே சொன்னேன்: “தாலி கட்டுன பொண்டாட்டிக்குப் பிறந்த பிள்ள நான் ஒருத்திதான். அவரு பொருள் எனக்கு வேணும்.”

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். நோயெலினோ உள்ளே போய்க் கிட்டாரை ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

“ஆம்ப் கொஞ்சம் கனம்கா. ரெண்டு பேரா தூக்கணும்.”

அவ்வளவுதான். அவளுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியும் அழவில்லை, ஒருத்தியும் கத்தவில்லை. என்ன திமிர் இருந்தால் அப்படி நிற்க முடியும்?

ஜூன் 9, ஞாயிறு

அம்மா காலையில் சாப்பிடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை.

“ஏட்டி, அந்தச் சவத்த எங்க வச்சிருக்க?”

“முன் ரூம்ல.”

“அது இருக்குற தளத்துல நான் இருக்க மாட்டேன்.”

அம்மாவுக்கு எழுபத்திநாலு வயது. சாவு வீட்டுக்கும் வரவில்லை, அவர் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதும் இல்லை. விட்டுவிட்டுப் போனவர் மேல் இருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் என் கையால் கொண்டு வந்த பொருள் மேல் எதற்கு? கடைசியில் கிட்டாரை மாடிக்கு ஏற்றினோம், முட்டை அட்டைகள் அடுக்கும் அறைக்கு. அதன் பிறகு அம்மா சோறு தின்றாள்.

ஜூன் 12, புதன்

காற்றில் ஈரம். நாங்கள் முட்டை வெள்ளைக்கருவில் செய்து விற்கும் மக்ரூன் காயவே இல்லை. முந்திரியும் சர்க்கரையும் வீண், ஒரு நாள் வேலை வீண். ஒட்டடை அடிக்க மாடி அறைக்குப் போனேன். அதைத் தொடவில்லை.

ஜூன் 20, வியாழன்

நோயெலின் கடைக்கு வந்தாள். மத்தியான வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

எங்கள் கடை வீட்டின் கீழேயேதான். பின்னால் அடுப்பு, முன்னால் கண்ணாடிப் பெட்டி. அவளைப் பார்த்ததும் வேண்டுமென்றே இரண்டு வாடிக்கையாளர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மூன்றாவது ஆளுக்கு மிச்சச் சில்லறையை நிதானமாக எண்ணிக் கொடுத்தேன். அவள் ஓரமாக நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

“அக்கா, ஆகஸ்ட்ல எங்க ஊர்த் திருவிழா. முத ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க குழு வாசிக்கிறோம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கிட்டாரக் குடுங்க. மறுநாளே கொண்டாந்து தாரேன்.”

“முடியாது.”

“பாட்டு ரெக்கார்டிங் கம்பெனி ஆளு ஒருத்தரு கேக்க வாராரு. அந்தச் சத்தத்துக்காகத்தான் வாராரு.”

“வீட்டுல இருந்த ஒண்ணு திடீர்னு இல்லாமப் போனா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும். எனக்கு எட்டு வயசுல தெரிஞ்சது. நீ முப்பத்திநாலு வயசுல தெரிஞ்சுக்கிடு.”

அவள் கிளம்பத் திரும்பினாள். பாஸ்டின் குறுக்கே வந்து, சொந்தக்காரப் பிள்ளை வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பாக்கெட் மக்ரூன் கொடுத்தார். அவள் போன பிறகு பார்த்தால் பாக்கெட் கண்ணாடிப் பெட்டி மேலேயே இருக்கிறது.

“என்ன மனுசி நீ?” என்றார் பாஸ்டின்.

இரண்டு வேளை அவரோடு பேசவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அம்மா பூசைக்குப் போயிருந்தாள். பாஸ்டின் முந்திரி வாங்கப் போயிருந்தார். பொருள் நல்ல நிலைமையில் இருக்கிறதா என்று சோதிப்பது உடைமைக்காரரின் கடமை. ஆகவே சொருகிப் பார்த்தேன்.

முதலில் உறுமல். பிறகு உருளையைக் கம்பியில் வைத்து இழுத்தேன். பூனையின் வாலை மிதித்தது போல ஒரு சத்தம். எதிர்வீட்டு நாய் குரைத்தது. உடனே பிடுங்கிவிட்டேன்.

ஆறு வயதில் ஒரு தடவை அப்பா இதை என் மடியில் வைத்தது நினைவிருக்கிறது. தொடை வலித்தது. அவர் பின்னால் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தார். சில நாள் கழித்துச் சொன்னார்: “உனக்குக் காது இல்ல மக்களே. விட்டுரு.” அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். கல்யாணப் பூசையில்கூட அப்படித்தான் செய்தேன்.

பொருள் நன்றாக வேலை செய்கிறது. அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மறுபடி சோதித்தேன். மேல் கம்பி துருப்பிடித்திருந்ததால் புதுக் கம்பிகள் வாங்கி மாட்டினேன். துருப்பிடித்த பொருளை வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. கைபேசியில் யாரோ வெள்ளைக்காரக் கிழவர் உருளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறார். தற்செயலாகக் கண்ணில் பட்டது. நாலு தடவை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று ஒரு திருப்பாடலின் முதல் வரி வந்தது. வந்தது என்று சொல்லலாம். வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் நின்றபோது நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அமிலத் தொந்தரவு. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடித்திருந்தேன்.

அம்மா பூசையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. மாடிப்படி அடியில் நின்று கத்தினாள்:

“ரெண்டாவது கம்பி இறங்கியிருக்கு! அது தெரியாம இழுத்துக்கிட்டு கிடக்கா!”

திருகினேன். சரியாகிவிட்டது.

கீழே இறங்கி வந்து, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“பத்து வருசம் அந்தச் சத்தத்துல இருந்திருக்கேன். அந்தாளு எந்தக் கம்பியில தப்பு விட்டா அடுத்து என்ன நடக்கும்னுகூட எனக்குத் தெரியும்.”

“என்ன நடக்கும்?”

“அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

ஜூலை 18, வியாழன்

திருமண ஆர்டர், எண்ணூறு மக்ரூன். வெள்ளைக்கரு அடித்து அடித்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. பாஸ்டின் கேட்கிறார்: “அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் குடுத்தா என்ன தேஞ்சா போகும்? ஒண்ணு நீ வாசி, இல்ல அவகிட்ட குடு. மாடியில நோயாளி மாதிரி படுக்க வச்சிருக்க.”

நான் வாசிப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெருவுக்கே தெரியுமாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீரபாண்டியன்பட்டணம் போய் வந்தேன். திருவிழாவுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். அவள் கிட்டார் இல்லாமல் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தான் போனேன். எழுதுவதில் ஒளிவுமறைவு எதற்கு?

கோயிலுக்கு முன்னால் பந்தல். மேடையில் ஆர்மோனியம், தபலா, கீபோர்டு, ஐந்தாறு பாடகர்கள். ஓரத்தில் நோயெலின், மடியில் ஒரு சாதாரணக் கிட்டார். கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்பார்களே, அதுதான். கழுத்துப் பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டைச் செருகிக் கம்பிகளை உயர்த்தி, அதைப் படுக்க வைத்திருந்தாள். முன்னால் ஒரு மைக்.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால், பஜ்ஜிக் கடை ஓரமாக நின்றேன்.

முதல் பாட்டில் தடுமாறினாள். கிட்டாரின் சத்தம் கீபோர்டுக்கு அடியில் மூழ்கிப்போயிற்று. எனக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டாவது பாட்டில் ஒரு கம்பி அறுந்தது. அது கன்னத்தில் சுண்டியதில் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். முன் வரிசையில் வேட்டி கட்டின ஒருவர் எழுந்து வெளியே போனார், அந்தக் கம்பெனி ஆளாகத்தான் இருக்க வேண்டும். அவர் போவதை அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அதன் பிறகுதான் அவள் வாசித்தாள். மிச்சம் இருந்த ஐந்து கம்பியில், மாதா பாட்டு ஒன்று. பாடகர்கள் நிறுத்திவிட்டார்கள். தபலாக்காரரும் கையை எடுத்துவிட்டார். பின்னால் பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை விட்டது. ஒரு மனுஷி வாயைத் திறக்காமல் அழுதால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பஜ்ஜிக் கடைப் புகை என் கண்ணில் அடித்தது. அங்கே போய் நின்றிருக்கக் கூடாது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அவள் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சிவப்புக் கோடு.

“பாத்தியா, அது இல்லாமயும் முடியுதுல்ல?” என்றேன்.

“முடியுதுக்கா. பாக்க வந்தீங்களா? பாத்தாச்சுல்ல. போங்க.”

“மரியாதையாப் பேசு. இத்தன வருசம் அவரப் பக்கத்துல வச்சிருந்து எல்லாம் கத்துக்கிட்ட. எனக்கு அதுல ஒரு நாள்கூட இல்ல.”

அவள் வயரைக் கீழே போட்டுவிட்டு இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் நடுக் கணுவிலிருந்து வேறு திசையில் போயிருந்தன.

“கத்துக்கிட்டது இதுதான். ஒம்பது வயசுல. சுரம் தப்பிட்டுன்னு அந்த எஃகு உருளையால அடிச்சாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எங்கம்மாவ விடல. அடுத்த வாரம் கட்டோட வாசிக்க வச்சாரு. எங்கம்மாவுக்கு முன்பல்லு ரெண்டு கிடையாது, பாத்தீங்களா? நீங்க எங்க பாக்கப் போறீங்க? கிட்டாரத்தான பாத்தீங்க.”

கீழே கிடந்த வயரை எடுத்து அவள் மறுபடி சுருட்டத் தொடங்கினாள்.

“அவரு உங்கள விட்டுட்டுப் போனாருன்னு நீங்க அழுதீங்க. எங்கள விட்டுட்டு எப்பப் போவாருன்னு நாங்க அழுதோம். எனக்கு வேற தொழில் தெரியாது. அவரு அடிச்சுக் கத்துக்குடுத்ததுலதான் கஞ்சி குடிக்கேன். இப்பப் போங்கக்கா. எனக்கு வேலை கிடக்கு.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 5, திங்கள்

அடுப்பு பற்ற வைக்கவில்லை. பாஸ்டினைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, அம்மா அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

“அவரு உங்கள அடிச்சாரா?”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அந்தப் பிள்ளை விரல ஒடிச்சிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?”

அதற்கு நிறுத்தினாள். “எந்த விரல?” என்றாள்.

சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை விரித்து மறுபடி மடித்தாள். பிறகு, திட்டுவது போன்ற குரலில், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“என்னைய அடிச்சப்ப பொறுத்தேன். ஊர்ல எல்லா வீட்டுலயும் நடக்கதுதானன்னு இருந்தேன். ஒரு நாள் உன் விரல்ல அடிச்சான். ஆறு வயசு உனக்கு. நகம் கருத்துப்போச்சு. ‘அவளுக்குக் காது இல்லன்னு சொல்லிட்டு விட்டுரு, இல்ல உன்னக் கொன்னுருவேன்’னு நான்தான் சொன்னேன். சொன்னான். ரெண்டு வருசம் சும்மா இருந்தான். அப்புறம் ஒரு நாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா, மறுபடி உன்ன உக்கார வச்சு மடியில அதத் தூக்கி வச்சிருக்கான். உருளை அவன் கையில இருக்கு. அன்னைக்கு அருவாமனையத் தூக்கிட்டேன். அவன் போகல டெல்பின். நான் வெளிய தள்ளினேன். அந்தச் சவத்தையும் பின்னாலயே தூக்கி எறிஞ்சேன்.”

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இருக்கக் கூடாதுன்னுதான் சொல்லல.”

“விட்டுட்டுப் போனாருன்னு சொன்னீங்க! கோயில்ல புதுநன்மை வாங்குன அன்னைக்கு, அவரு வருவாருன்னு வெள்ளை கவுனப் போட்டுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னேன். அப்பவும் சொல்லல!”

“புருசன் விட்டுட்டுப் போனவன்னா ஊரு பாவம்னு சொல்லி அரிசி குடுத்துச்சு. புருசன வெளிய தள்ளினவன்னா குடுத்திருக்குமா? நீ என்னத்தத் தின்னு வளந்த?”

கதவை அறைந்துவிட்டு வந்தேன். என்னைக் காப்பாற்றினாள், சரி. நாற்பத்திமூன்று வருடம் அப்பாவுக்கு நான் வேண்டாதவள் என்று நினைக்க வைத்ததற்கு என்ன பெயர்?

ஆகஸ்ட் 10, சனி

அம்மாவோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. பாஸ்டின் இரண்டு பேருக்கும் தபால்காரர் வேலை பார்க்கிறார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மேல் அட்டைகள் இரண்டில் முட்டை உடைந்திருந்தது. அறையைக் கழுவினேன். கிட்டாரையும் ஆம்பையும் நனையாத மூலைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. சொருகவில்லை. சொருகவும் தோன்றவில்லை. அந்த எஃகு உருளையைக் கையில் எடுத்தபோது அதன் கனம் வேறாக இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

நோயெலினுக்கு நானே ஃபோன் செய்தேன். “வந்து தூக்கிட்டுப் போ” என்றேன். “எதுக்கு?” என்றாள். “எனக்கு இடத்த அடைக்கு” என்றேன். வைத்துவிட்டாள். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்: அடுத்த சனிக்கிழமை மாலையில் இங்கே தூத்துக்குடியிலேயே ஒரு கல்யாண வரவேற்பு இருக்கிறது, அதற்குக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

பத்து மணிக்கு வந்தாள். பாஸ்டினும் அவளுமாக ஆம்பை மாடியிலிருந்து இறக்கினார்கள். கிட்டாரை நான் இறக்கினேன். அதே பழைய போர்வையை அவள் நீட்டினாள். சுற்றிக் கொடுத்தேன்.

“இனி இத இங்க கொண்டாராத. நீயே வச்சுக்கிடு.”

“இல்லக்கா. நாளைக்குக் கொண்டாந்து தந்துருவேன். தேவைப்படும்போது வந்து எடுத்துக்கிடுதேன்.”

“நான் குடுக்கேங்கேன், நீ வேண்டாம்னு சொல்லுத. என்ன கொழுப்பு உனக்கு?”

“எங்க வீட்டுல வைக்க முடியாது” என்றாள். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லாதவள் போல வேன் பக்கம் திரும்பினாள்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். இத்தனை வருடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பி, அந்த இரண்டு விரல்களையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், மீன் வாங்கும்போது செவுளைப் பார்ப்பது போல. நோயெலின் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

“உங்கம்மா இப்பமாவது தூங்குறாளா?”

நோயெலினுடைய உதடு கோணிற்று. அப்பா செத்த வீட்டில் அழாதவள், மேடையில் கம்பி அறுந்தபோது அழாதவள்.

“தூங்குறாவ பெரியம்மா. அவரு செத்த பிறகும் அந்தக் கிட்டாரு வீட்டுல இருந்த வரைக்கும் தூங்கல. நான் தொடச்சு வைக்கப் போனாக்கூட எழுந்து உக்காந்துருவாவ. அக்கா வந்து தூக்கிட்டுப் போனாவல்லா, அன்னைக்கு ராத்திரிதான் விடியுற வரைக்கும் தூங்குனாவ. அதனாலதான் நான் ஒரு வார்த்த சொல்லல.”

நான் அன்று அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்று நினைத்து எத்தனை நாள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

“நான் தள்ளிவிட்டது உங்க வீட்டுல வந்து விழுந்துட்டு” என்றாள் அம்மா. “அவகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“சரி பெரியம்மா.”

“அப்ப அது இங்கயே கிடக்கட்டும்” என்றாள் அம்மா.

“உங்களுக்குத்தான அது ஆகாது!” என்றேன் நான். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

“அவனையே வெளிய தள்ளுனவ நான். இந்தக் கட்டை என்னைய என்ன செஞ்சிரும்?”

நோயெலினைச் சாப்பிட வைத்தோம். சாளை மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்றாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வைப்போம் என்றேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கினாள்.

வேன் போன பிறகு அம்மா தன் அறைக்குள் போனாள். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியையும் பழைய பாத்திரங்களையும் வெளியே தள்ளிவிட்டு, தரையில் உட்கார்ந்து அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன செய்றீங்க?”

“நாளைக்கு அது வந்ததும் இங்கன வை. மாடியில ஈரம் அடிக்கும்.”

இன்னொரு துணியை நனைத்து எடுத்து வந்து, கட்டிலின் மறுபக்கத்திலிருந்து நானும் துடைத்தேன்.